65 என்ற எண் ஒரு பிள்ளையைப் பற்றி என்ன சொல்கிறது?

எல்லோருக்கும் வணக்கம். ஆசிரியர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், பெற்றோரும் இருக்கிறீர்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளின் ஆளுமைச் சிக்கலைக் கேள்வித்தாள் வைத்து அளப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்தத் தாளில் வரும் எண்ணை வைத்து எந்தப் பிள்ளைக்கும் முத்திரை குத்தாதீர்கள்.

எம்.எம்.பி.ஐ என்ற தாளை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாத்வே, மெக்கின்லி இருவரும் 1943-ல் வெளியிட்டது. நூற்றுக்கணக்கான சிறு வாக்கியங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு என்று குறிக்க வேண்டும். பெரியவர்களுக்காகச் செய்த தாள்தான். ஆனாலும் பிள்ளைகளிடமும் அதையே கொடுத்தார்கள். பெரியவர்களின் அளவுகோலில் வைத்துப் பார்த்தபோது, எந்த நோயும் இல்லாத பிள்ளைகளுக்கே சில பகுதிகளில் மதிப்பெண் எகிறியது. இந்தத் தாளில் மதிப்பெண் கூடினால் சிக்கல் கூடுதல் என்று பொருள். வீட்டில் யாருக்கும் என்னைப் புரியவில்லை, யார் சொன்னாலும் எரிச்சல் வருகிறது என்று நாற்பது வயதுக்காரர் சொன்னால் யோசிக்க வேண்டும். பதினைந்து வயதில் இது எந்த வகுப்பறையிலும் காதில் விழுகிற பேச்சு.

1992-ல் 14 முதல் 18 வயதுக்கென்றே எம்.எம்.பி.ஐ-ஏ வந்தது. 478 வாக்கியங்கள். 805 பையன்கள், 815 பெண்பிள்ளைகளின் பதில்களை வைத்துச் சராசரியை வகுத்தார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சராசரி 50, 65-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டிய அளவு. ஆனால் பிள்ளைகளின் தாளில் 60-க்கும் 65-க்கும் நடுவே ஒரு பட்டையைச் சாம்பல் நிறமாக விட்டிருக்கிறார்கள். இந்த வயதில் இயல்பு எங்கே முடிகிறது, சிக்கல் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது என்பதைத் தாளிலேயே வரைந்து காட்டிவிட்டார்கள். இந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அப்புறம், பிள்ளைகள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பது இருக்கிறது. அமெரிக்காவில் 1990-களில் பள்ளிப் பிள்ளைகளிடம் பெரிய கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. தங்களுக்குச் செயற்கைக் கையோ காலோ இருப்பதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். பிறகு வீட்டுக்குப் போய் விசாரித்தால், கிட்டத்தட்ட எல்லோருக்குமே கைகால் நன்றாக இருந்தது! விளையாட்டுக்கு எழுதியிருக்கிறார்கள். கேட்ட கேள்விக்கு முரணாகப் பதில் வந்திருக்கிறதா, கண்ணை மூடிக்கொண்டு குறித்திருக்கிறார்களா என்று பார்க்க எம்.எம்.பி.ஐ-ஏ-யில் தனி அளவைகளே இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது தப்பு.

சரி, அம்மாவையும் ஆசிரியரையும் கேட்டால்? ஆகன்பாக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1987-ல் 119 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அப்பா, அம்மா போல ஒரே நிலையில் இருந்து பிள்ளையைப் பார்க்கிற இருவர் சொல்வதற்கு இடையே ஒட்டுறவு சராசரியாக 0.60. இருவர் சொல்வதும் முழுக்க ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0. பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் மற்றவர்கள் சொல்வதற்கும் இடையே வெறும் 0.22. இதில் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். வகுப்பில் வாயே திறக்காத பெண் வீட்டில் தட்டைத் தூக்கி எறியலாம். இரண்டும் அவள்தான்.

இப்போது ஒரு கணக்கு. பொறுமையாகக் கேளுங்கள், பள்ளிகளில் அதிகம் தவறுவது இங்கேதான். 1000 பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உண்மையிலேயே சிக்கல் உள்ளவர்கள் 50 பேர். அவர்களில் நூற்றுக்கு எண்பது பேரைத் தாள் பிடித்துவிடுகிறது என்றால், 40 பேர். நல்ல தாள்தான். சிக்கல் இல்லாத 950 பேரிலும் நூற்றுக்கு இருபது பேரைத் தவறாகக் காட்டினால்? 190 பேர். ஆக மொத்தம் 230 பெயர்கள் உங்கள் மேசைக்கு வரும். அதில் 190 பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லை. அந்தப் பட்டியல் ஆசிரியர் அறையில் கைமாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எம்.எம்.பி.ஐ-ஏ பயிற்சி பெற்ற உளவியலாளர் கையாள வேண்டியது. பள்ளிக்கு 25 கேள்விகளே உள்ள எஸ்.டி.க்யூ என்ற சிறிய கேள்வித்தாள் போதும், அது தமிழிலும் கிடைக்கிறது. அதுவும் யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்று காட்டுமே தவிர, நோயின் பெயரைச் சொல்லாது.

மருத்துவர்களே இதில் அவசரப்படுவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டின்படி, 18 வயதுக்குக் கீழே ஆளுமைக் கோளாறு என்று சொல்ல அறிகுறிகள் ஓராண்டாவது நீடித்திருக்க வேண்டும். சமூக விரோத ஆளுமைக் கோளாறை 18 வயதுக்கு முன்னால் சொல்லவே கூடாது.

ஒன்றில் மட்டும் மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்காதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுவதாக ஒரு பிள்ளை ஒரே ஒரு கட்டத்தில் குறித்திருந்தாலும், மொத்த எண் சராசரியாகவே இருந்தாலும், அன்றைக்கே அந்தப் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள், வீட்டாரிடம் சொல்லுங்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ராத்திரி நேரமென்றால் 14416, டெலி-மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.