ஹார்ப்சிகார்டுக்கு எத்தனை வயது?

நேயர்களுக்கு வணக்கம். ஹார்ப்சிகார்டு என்ற பழைய ஐரோப்பிய இசைக்கருவியைப் பியானோவின் தாத்தா என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பியானோவில் சுத்தியல் கம்பியை அடிக்கிறது. ஹார்ப்சிகார்டில் விரலால் கட்டையை அழுத்தினால் ஒரு மெல்லிய மரத்துண்டு எழும்பி, அதில் செருகியிருக்கும் பறவை இறகின் தண்டு கம்பியை மீட்டுகிறது. மீட்டுவது வேறு, அடிப்பது வேறு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆண்ட்வெர்ப் நகரத்து ருக்கர்ஸ் குடும்பத்தார் முந்தைய நூற்றாண்டுகளில் செய்த ஹார்ப்சிகார்டுகளுக்கு 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் அப்படியொரு மவுசு. ஆனால் அவற்றில் கட்டைகள் குறைவு. புதிய இசைக்குப் போதவில்லை. தூக்கிப் போட்டார்களா? அதுதான் இல்லை. பெட்டியை அறுத்து அகலமாக்கினார்கள். கம்பியின் நாதத்தைப் பெருக்கித் தரும் ஒலிப்பலகையின் ஓரத்தில் புதுப் பலகை ஒட்டினார்கள். பழைய பலகையில் பூவும் பறவையுமாகத் தீட்டியிருக்கும் அல்லவா, ஒட்டு தெரியாதபடி அதே கைவாகில் புதுப் பூக்களையும் வரைந்தார்கள்! அந்தப் பழைய ஒலிப்பலகைக்காகத்தான் இத்தனை சிரமமும். ஆந்த்ரேயாஸ் ருக்கர்ஸ் 1646-ல் செய்த ஒரு கருவியில் 1780-ல் பாஸ்கல் தாஸ்கேன் என்ற பாரிஸ் கருவித் தயாரிப்பாளர் கைவைத்தார். இன்று அதற்கு ஐந்து ஸ்தாயி.

பெயருக்கு விலை இருந்தால் போலியும் வரும்தானே? பாரிஸ் இசை அருங்காட்சியகத்தில் ஒரு கருவி இருக்கிறது. அதன்மேல் ஹான்ஸ் ருக்கர்ஸ், 1590 என்று எழுதியிருக்கும். செய்தவரோ ஜான் கிளாட் கூஜோன் என்ற 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ்காரர். 1784-ல் ஸ்வானென் என்பவர் அதையும் மாற்றியமைத்தார். பொய்ப் பெயர்தான், ஆனால் நாதம் பொய்யில்லை. இன்றைக்கும் அதில் வாசித்து இசைத்தட்டு போடுகிறார்கள். நமக்கு இது வேடிக்கை, பழுது பார்ப்பவருக்குத் தலைவலி. எந்த வருஷத்துக்குத் திருப்புவது? மறுபடியும் சொல்கிறேன், எந்த வருஷத்துக்கு? முதலில் சொன்ன ஆந்த்ரேயாஸ் கருவியை 1646-க்குத் திருப்பினால் தாஸ்கேனின் வேலை குப்பைக்குப் போகும். அவருடையதும் இன்று பழம்பொருள்தான்.

கம்பிகளின் இழுப்பைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், முறுக்கேற்றிய கம்பிகள் வருஷக்கணக்கில் இழுத்தால் பெட்டியே கோணிவிடும். அதனால் இப்போது பல அருங்காட்சியகங்கள் மூலக் கருவியைச் சும்மா விட்டுவிட்டு, அங்குலம் அங்குலமாக அளந்து, அதே அளவில் புதிதாக ஒன்று செய்து வாசிக்கத் தருகின்றன. வணக்கம்.