கூடாரம் தூக்கிய யானைகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சர்க்கஸைப் பற்றி யாரைக் கேட்டாலும் பேச்சு விளக்கு வெளிச்சத்தில்தான் தொடங்கும். பேண்டு வாத்தியம், பபூன், பார் விளையாட்டு, வரிசை கட்டி உள்ளே வரும் யானைகள். பார்த்தவர்களின் நினைவு அப்படித்தான் இருக்கும், அதில் குற்றம் ஒன்றுமில்லை. நான் இன்று அதற்குப் பல மணி நேரம் முன்னால், விடியற்காலையிலிருந்து தொடங்குகிறேன். யானைக்கு அங்கேதான் பொழுது விடிந்தது. அது வளையத்துக்குள் நின்ற சில நிமிடங்களை மட்டும் நாம் பத்திரமாக நினைவில் வைத்திருக்கிறோம். நாளின் மிச்சப் பொழுதை அது எங்கே கழித்தது என்று கேட்கவே இல்லை. அதைக் கேட்கத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் ரயிலேறி ஊர் ஊராகப் போன பெரிய சர்க்கஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஓர் ஊரில் ஒரு நாள்தான். விடிவதற்குள் ரயில் வந்து நிற்கும். மதியம் ஒரு காட்சி, இரவு ஒரு காட்சி. இரவுக் காட்சி முடியும்போதே கூடாரம் பிரிபடத் தொடங்கிவிடும், மறுநாள் விடிந்தால் வேறு ஊர். யானைகள் பெட்டிக்குள் குறுக்காக, ஒன்றையொன்று ஒட்டி நின்றபடி இரவெல்லாம் பயணம் செய்திருக்கும். இறங்கியதும் ஒன்றன் வாலை ஒன்று துதிக்கையால் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு நடக்கும். அங்கே போனதும் ஓய்வு கிடையாது. மழை பெய்து சேறாகிக் கிடக்கும் மைதானத்தில் வண்டிச் சக்கரம் புதைந்துவிட்டால், நெற்றியில் தடித்த தோல்மெத்தை கட்டிய யானை பின்னாலிருந்து முட்டித் தள்ளும். குதிரைகள் இழுத்து முடியாததை அது தள்ளி முடிக்கும். கூடாரத்தின் கம்பங்களை நிமிர்த்த, கப்பியில் ஓடும் கயிற்றை யானையின் சேணத்தோடு கட்டுவார்கள். பாகன் குரல் கொடுத்ததும் அது அடி அடியாக முன்னால் நடக்கும், இந்தப் பக்கம் கம்பம் எழும்பும், கித்தான் விரியும். ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு எந்தக் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தார்களோ, அந்தக் கூடாரத்தை எழுப்பியதில் யானைக்குப் பாதிப் பங்கு உண்டு.

இந்த யானைகள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தன? சர்க்கஸ் பிறந்தபோது அதில் யானை இல்லை. 1768-ல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி என்ற குதிரைப்படை வீரர் வட்டமான களத்தில் குதிரை வித்தை காட்டத் தொடங்கினார். வட்டத்தில் ஓடும் குதிரையின் முதுகில் நிலை பிசகாமல் நிற்பது சுலபம், அதனால் வந்தது அந்த வளையம். 42 அடி குறுக்களவு என்று அன்று வகுத்த கணக்கு இன்றைக்கும் மாறவில்லை. அதாவது குதிரைக்காக அளந்த களம். அதற்குள்தான் பின்னாளில் டன் கணக்கில் எடையுள்ள யானைகளைப் பத்து இருபது என்று நிறுத்தினார்கள்.

அமெரிக்க மண்ணில் இறங்கிய முதல் யானை 1796-ல் வங்காளத்திலிருந்து கப்பலில் போனது. ஜேக்கப் கிரவுனின்ஷீல்ட் என்ற கப்பல் தலைவர் 450 டாலருக்கு வாங்கியது, பல ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. பிறகு நியூயார்க் மாநிலத்தின் சோமர்ஸ் என்ற ஊர்க்காரர் ஹெகலையா பெய்லி, ‘ஓல்டு பெட்’ என்று பெயர் பெற்ற பெண் யானையை ஊர் ஊராக நடத்திப் போய்க் கட்டணம் வாங்கிக் காட்டினார். பகலில் நடந்தால் வழியில் இருப்பவர்கள் காசில்லாமல் பார்த்துவிடுவார்கள் என்று இந்த யானைகளை இரவில் நடத்திப் போவதுதான் அந்தக் காலத்து வழக்கம். 1816-ல் மெயின் மாநிலத்தில் ஒரு விவசாயி ஓல்டு பெட்டைச் சுட்டுக் கொன்றார். சோமர்ஸில் யானையின் பெயரால் விடுதி கட்டினார்கள், கல்தூண் நட்டு அதன் உச்சியில் யானைச் சிலையும் வைத்தார்கள். அமெரிக்க சர்க்கஸின் தொட்டில் என்று அந்த ஊர் இன்றும் பெருமை சொல்லிக்கொள்கிறது. உயிரோடு இருந்தபோது இருட்டில் நடந்த யானைக்குச் செத்த பிறகு தூண்!

1825-ல் ஜோஷுவா பர்டி பிரவுன் கித்தான் கூடாரத்தைக் கொண்டுவந்தார். அதன் பிறகு சர்க்கஸுக்குக் கட்டடம் தேவைப்படவில்லை. 1850-ல் பி.டி. பார்னம் என்ற காட்சி வியாபாரியும் அவருடைய கூட்டாளிகளும் இலங்கைக்குக் கப்பல் அனுப்பினார்கள். மறு வருடம் 10 யானைகள் நியூயார்க்கில் வந்து இறங்கின. கண்டிக் காடுகளில் திரிந்திருக்க வேண்டியவை, ஜோடி ஜோடியாக ரதத்தில் பூட்டப்பட்டு பிராட்வே வீதியில் உலா போயின. 1872-ல் பார்னமின் சர்க்கஸ் ரயிலேறியது. அத்தோடு யானை ஒரு கண்டத்தையே சுற்றத் தொடங்கியது.

அந்தக் காலத்தில் முதலாளிகளுக்குள் நடந்த போட்டி யானையை வைத்துத்தான். 1880-ல் பிலடெல்பியாவில் ஜேம்ஸ் பெய்லியின் சர்க்கஸில் ஒரு குட்டி பிறந்தது. சோமர்ஸ் பெய்லி வேறு, இவர் வேறு. கொலம்பியா என்று பெயர் வைத்தார்கள். லட்சம் டாலர் தருகிறேன், குட்டியைக் கொடு என்று பார்னம் தந்தி அடித்தார். பெய்லி குட்டியைக் கொடுக்கவில்லை. அந்தத் தந்தியையே சுவரொட்டியாக அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டிவிட்டார். பார்னம் எதிரியின் சாமர்த்தியத்தை மெச்சி அவரோடு கூட்டுச் சேர்ந்தார். பார்னம் அண்டு பெய்லி என்ற பெயர் அப்படி வந்தது.

இனி ஜம்போ. இந்தக் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவில் குட்டியாகப் பிடிபட்டு, பாரிஸ் வழியாக 1865-ல் லண்டன் விலங்கியல் பூங்காவுக்கு வந்த ஆண் யானை அது. மாத்யூ ஸ்காட் என்பவர் பராமரித்தார். பகலில் குழந்தைகளை முதுகில் சுமக்கும் சாது. இரவில் கொட்டடிச் சுவரை முட்டி இடிக்கும், தந்தம் உடையும் அளவுக்கு. 1882-ல் பூங்கா அதை 2,000 பவுனுக்குப் பார்னமுக்கு விற்றது. இங்கிலாந்தே கொதித்தது. ஒரு லட்சம் பள்ளிப் பிள்ளைகள் விக்டோரியா ராணிக்குக் கடிதம் எழுதியதாகச் சொல்வார்கள். ஜம்போ பெட்டியில் ஏற மறுத்து வீதியிலேயே படுத்துக்கொண்டது. கடைசியில் ஸ்காட்டையும் கூடவே அனுப்பித்தான் கப்பலேற்ற முடிந்தது.

1884 மே 17-ல் பார்னம் 21 யானைகளை புரூக்ளின் பாலத்தின் மேல் நடக்கவிட்டார். ஒரு வருடம் முன்பு, பாலம் இடிகிறது என்ற வதந்தியில் நெரிசல் ஏற்பட்டு அதில் 12 பேர் மாண்டிருந்தார்கள். ஜனங்களின் பயத்தைப் போக்க யானை நடந்தது, பார்னமுக்குக் காசில்லாத விளம்பரமும் கிடைத்தது. மறு வருடம் செப்டம்பர் 15, கனடாவின் செயிண்ட் தாமஸ். இரவுக் காட்சி முடிந்து, தண்டவாளத்தை ஒட்டி யானைகளை ரயில் பெட்டிக்கு நடத்திப் போகிறார்கள். எதிர்பாராமல் ஒரு சரக்கு ரயில் வந்தது. ஒரு பக்கம் சரிவு, இன்னொரு பக்கம் நின்றிருந்த பெட்டிகள், ஒதுங்க இடமில்லை. ஸ்காட் பக்கத்தில் இருக்கவே ஜம்போ உயிரை விட்டது. குட்டி யானையைக் காப்பாற்ற ரயிலை எதிர்த்து நின்று உயிர்த் தியாகம் செய்தது என்று பார்னம் கதை கட்டி ஊரெங்கும் பரப்பினார்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று நாம் சொல்கிறோமே, பார்னம் அதைச் செய்தே காட்டினார். தோலைப் பாடம் பண்ணி ஓர் உருவம், எலும்புக்கூட்டைக் கோத்து இன்னொன்று. இரண்டையும் சர்க்கஸோடு கொண்டுபோய்க் கட்டணம் வாங்கினார். லண்டனில் அதோடு பழகியிருந்த ஆலிஸ் என்ற பெண் யானையை வரவழைத்து, ஜம்போவின் விதவை என்று விளம்பரம் செய்து அந்த உருவத்தின் பக்கத்தில் நிறுத்தினார். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஒரு லட்சம் பிள்ளைகளின் அன்பு உண்மையானது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அந்த அன்புதான் ஜம்போவின் விலையை ஏற்றியது, கூட்டத்தைக் கூட்டியது. ஜம்போவைக் காப்பாற்ற மட்டும் அது உதவவில்லை.

பின்கட்டுக்கு வருவோம். சர்க்கஸ் யானைகளில் மிகப் பெரும்பாலானவை பெண் யானைகள். மதம் பிடிக்கும் ஆண் யானையை ரயிலில் வைத்துச் சமாளிக்க முடியாது. வேலை இல்லாத நேரத்தில் முன்னங்கால் ஒன்றிலும் அதற்குக் குறுக்கான பின்னங்கால் ஒன்றிலும் சங்கிலி. ஓரடி முன்னும் பின்னுமாக நகரலாம், திரும்ப முடியாது. தலைகீழாக நிற்பதும், பின்னங்காலில் எழுவதும், முன்னால் நிற்கும் யானையின் முதுகில் கால் போடுவதும் குட்டியாக இருக்கும்போதே கயிறு கட்டித் தூக்கிப் பழக்கியவை. அங்குசம் எப்போதும் கண்ணில் படும்படி இருக்கும். கட்டுத்தறியில் நிற்கும் யானை இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே நிற்பதை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். பேண்டு வாத்தியத்துக்குத் தாளம் போடுகிறது என்று சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தோம். நாளெல்லாம் ஓரிடத்தில் கட்டிவைத்த யானை மனம் நொந்து ஆடும் ஆட்டம் அது. காட்டில் ஒரு நாளில் பல மைல் நடக்கும் பிராணி! கடினத் தரையிலும் ஈரத்திலும் நின்று நின்று பாதம் சீழ்ப்பிடிக்கும், மூட்டு தேயும். பிடித்து வளர்க்கும் யானைகளின் உயிரைக் குடித்தவற்றில் இந்தக் கால் நோய் முன்வரிசையில் நிற்கிறது.

சில யானைகள் திருப்பித் தாக்கின. டாப்சி என்ற யானையை 1903-ல் கோனி தீவில் விஷம் வைத்து, மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள், அதைப் படமும் பிடித்தார்கள். மேரி என்ற யானை 1916-ல் டென்னசியில், வேலைக்குச் சேர்ந்து ஓரிரு நாளே ஆன ஆளைக் கொன்றது. மறுநாள் எர்வின் ரயில் நிலையப் பணிமனையில், பளு தூக்கும் இயந்திரத்தில் தொங்கவிட்டார்கள். முதல் சங்கிலி அறுந்தது, இன்னொன்று கொண்டுவந்தார்கள். பெரிய கூட்டம் திரண்டு வந்து பார்த்தது.

பாகன்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாராக இல்லை. அந்த ஆட்கள் வைக்கோல் மேல், யானையின் காலடியில் படுத்துத் தூங்கியவர்கள். கூலி சொற்பம், வேலை ஆபத்து. யானைக்குக் காய்ச்சல் என்றால் விடிய விடிய விழித்திருந்தவர்கள் அவர்களே. அங்குசத்தைப் பிடித்த கையும் அதே கைதான். அந்த வாழ்க்கையில் இரண்டும் சேர்ந்தே இருந்தன, பிரித்துச் சொன்னால் பொய்யாகிவிடும்.

ஷெர்லியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. சுமத்ராவில் பிறந்து, சின்ன வயதிலேயே பிடிபட்டு அமெரிக்க சர்க்கஸுக்குப் போனவள். கியூபாவில் புரட்சிப் போர் நடந்த நேரத்தில் அவளுடைய சர்க்கஸ் அங்கே மாட்டிக்கொண்டது. 1963-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியா துறைமுகத்தில் சர்க்கஸ் ஏறியிருந்த கப்பல் தீப்பற்றியது. பிழைத்தாள், உடம்பில் தீக்காயம், காதில் ஒரு துண்டு போய்விட்டது. பிறகு இன்னொரு யானை தாக்கியதில் பின்னங்கால் முறிந்து, கோணலாகவே கூடியது. இனி வித்தைக்கு உதவமாட்டாள் என்று 1977-ல் லூசியானாவின் மன்றோ நகர விலங்கியல் பூங்காவுக்குக் கொடுத்தார்கள். அங்கே இருபது வருடத்துக்கும் மேல் தனியாக இருந்தாள். மனிதர்கள் அன்பாகத்தான் பார்த்துக்கொண்டார்கள், இன்னொரு யானை மட்டும் இல்லை.

1999 ஜூலையில் டென்னசியில் ஹோகன்வால்டு யானைகள் சரணாலயத்துக்கு அவளை அழைத்துவந்தார்கள். அன்று மாலை ஜென்னி என்ற இளைய யானை கொட்டடிக்குத் திரும்பியது. கம்பிக்கு இந்தப் பக்கம் ஷெர்லி, அந்தப் பக்கம் ஜென்னி. துதிக்கையை நீட்டித் தொட்டுப் பார்த்தன. சற்று நேரத்தில் ஜென்னி தவிக்கத் தொடங்கியது, இரண்டும் பிளிறின. நடுவில் இருந்த இரும்புக் கம்பிகள் வளையும் வரை ஒன்றையொன்று நெருங்கத் துடித்தன. சரணாலயத்தார் பழைய விவரங்களைத் தேடினார்கள். ஜென்னி குட்டியாக இருந்தபோது ஒரு குளிர்காலத்தில் இரண்டும் ஒரே சர்க்கஸில் இருந்திருக்கின்றன! இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் மறக்கவில்லை. அதன் பிறகு 2006-ல் ஜென்னி சாகும்வரை தாயும் மகளுமாகவே இருந்தார்கள். ஷெர்லி 2021 பிப்ரவரியில், 72 வயதில் இறந்தாள்.

1994-ல் ஹொனலுலுவில் டைக் என்ற யானை பயிற்சியாளரைக் கொன்றுவிட்டு வீதியில் ஓட, போலீசார் சுட்டு வீழ்த்திய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு சர்க்கஸ் பழைய சர்க்கஸாக இல்லை. வழக்குகள் வந்தன, பல ஊர்களில் அங்குசத்துக்குத் தடை வந்தது. ரிங்லிங் பிரதர்ஸ் சர்க்கஸின் யானைகள் 2016 மே 1-ல் பிராவிடன்ஸ் நகரில் கடைசி முறையாக வளையத்துக்குள் வந்தன. அடுத்த ஆண்டே அந்த சர்க்கஸ் மூடியது. 2023-ல் விலங்குகள் இல்லாமல் திரும்பியது. டென்மார்க் அரசு 2019-ல் அந்நாட்டில் எஞ்சியிருந்த நான்கு சர்க்கஸ் யானைகளை 1.1 கோடி குரோனர் கொடுத்து வாங்கி ஓய்வு கொடுத்தது. ஒரு நாடு தன் கடைசி சர்க்கஸ் யானைகளுக்கு விலை கொடுத்து விடுதலை வாங்கியது நல்ல செயல் என்றே நினைக்கிறேன். யானை போனால் சர்க்கஸ் செத்துவிடும் என்றார்கள். பாருக்குப் பார் தாவுகிறவர்களுக்கு இன்றும் கூட்டம் வருகிறது.

சர்க்கஸ் நினைவுகளைத் தொகுக்கும் முயற்சிகள் பல இடங்களில் நடக்கின்றன. தொகுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவரொட்டிகளையும் உடைகளையும் எடுத்து வைக்கிறீர்கள், சரி. யானைப் பதிவேடுகளையும் சேர்த்து வையுங்கள். அதன் பெயர், பிடித்த இடம், எத்தனை முதலாளிகளிடம் கைமாறியது, எந்த யானையோடு சேர்த்துக் கட்டினார்கள், எப்போது பிரித்தார்கள் என்று குறித்து வையுங்கள். உயிரோடு இருக்கும் பாகன்களையும் கூடாரத் தொழிலாளர்களையும் தேடிப்போய், அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். ஷெர்லி, ஜென்னியின் உறவு வெளியே தெரிந்ததே ஒரு பழைய குறிப்பு கையில் கிடைத்ததால்தான். அப்படிக் குறிப்பில்லாத யானைகள் இன்னும் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் இருக்கின்றன. எந்த யானையைத் தேடி எங்கே போவது என்று சொல்ல நமக்கு அந்தத் தாள்கள் வேண்டும்.

நன்றி, வணக்கம்.