சாமுராயின் உறைக்குள் இருந்த மூங்கில்

ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "சார், வாள்தான் சாமுராயின் ஆன்மா என்கிறார்களே, அது உண்மையா? சாமுராய்களைப் பற்றித் தெரிந்துகொள்ள எந்தப் படத்தில், எந்தப் புத்தகத்தில் ஆரம்பிக்கலாம்?" நல்ல கேள்வி. ஆனால் அந்த 'ஆன்மா' இரண்டு நாளாக என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சாமுராய் படங்கள் இரண்டு, அந்த இரண்டிலும் உறையை உருவினால் உள்ளே வாள் இல்லை, மூங்கில்தான் இருக்கிறது.

முதலாவது 1962-இல் கோபயாஷி மசாகி எடுத்த 'ஹராகிரி'. கதை நடப்பது 1630-இல், எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில். ஜப்பானை யார் ஆள்வது என்று பிரபுக்கள் மோதிக்கொண்ட செகிகஹாராப் போரைப் பற்றி முன்பே விரிவாகப் பேசியிருக்கிறோம். 1600-இல் நடந்த அந்தப் போரில் டோகுகவா இயேயாசு என்ற பிரபு ஜெயித்து நாட்டைக் கைக்குள் கொண்டுவந்தார், அதன் பிறகு பல பிரபுக்களின் நிலத்தை அவருடைய வம்சம் பிடுங்கிக்கொண்டது. பிரபு போனால் அவரை நம்பியிருந்த சாமுராய்க்கும் வேலை போச்சு. அப்படி வேலை போனவர்கள்தான் ரோனின். படத்தில் இவர்கள் பெரிய வீட்டு வாசலில் போய் நின்று, "பசியோடு வாழ்வதைவிட கௌரவமாகச் சாகிறேன், உங்கள் முற்றத்தில் வயிற்றைக் கிழித்துக்கொள்ள இடம் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். வீட்டுக்காரர்களுக்கு எதற்கு இந்த வம்பு, கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஈயி குடும்பத்து மாளிகைக்கு வரும் ஓர் இளைஞனிடம், சரி, இப்போதே செய் என்று சொல்லிவிடுகிறார்கள். அவன் இடுப்பில் இருப்பதோ மூங்கில் கத்தி. நிஜ வாள்களை எப்போதோ விற்றுவிட்டான், வீட்டில் மனைவிக்கும் குழந்தைக்கும் உடம்பு சரியில்லை. அந்த மூங்கிலாலேயே செய்ய வைக்கிறார்கள். அப்புறம் அவனுடைய மாமனார் அதே வாசலுக்கு வருகிறார், நகடாய் தட்சுயா நடித்திருப்பார். மீதியை நான் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். கோபயாஷி போர்க்காலத்தில் ராணுவத்தில் இருந்தவர், பதவி உயர்வு வேண்டாம் என்று மறுத்துச் சாதாரணச் சிப்பாயாகவே இருந்தவர். மேலிடத்து கௌரவத்தைப் பற்றி அந்தப் படத்துக்கு ஏன் அவ்வளவு கோபம் என்பது அதிலேயே புரியும்.

இரண்டாவது, யாமாடா யோஜி 2002-இல் எடுத்த 'ட்விலைட் சாமுராய்'. காலம் சாமுராய் ஆட்சி முடியப்போகிற நேரம். நாயகன் செய்பேய், கோட்டைக் கிடங்கில் கணக்கு எழுதுகிற ஆள். மனைவி காசநோயில் இறந்துவிட்டாள், இரண்டு பெண் குழந்தைகள், நினைவு தப்பிய தாயார், கடன் வேறு. சம்பளம் 50 கோகு. மாலையில் கூட வேலை பார்ப்பவர்கள் குடிக்கக் கூப்பிட்டால் போகமாட்டார், வீட்டுக்கு ஓடிவந்து பூச்சிக் கூண்டு பின்னி விற்பார், குளிக்கக்கூட நேரமில்லாமல் நாற்றம் அடிக்கிறது என்று பிரபுவே முகம் சுளிக்கிறார். இவரும் வாளை விற்றவர்தான், மனைவியின் ஈமச்சடங்குச் செலவுக்கு.

வழக்கமாக நம் பேச்சைக் கேட்பவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள், 'ஆரம்பித்துவிட்டார்ப்பா, கத்தியைப் பார்க்காதே, அரிசியைப் பார்' என்று. ஆமாம், மறுபடியும் அதேதான். கோகு என்பது அரிசி அளவு, ஏறக்குறைய 150 கிலோ, ஓர் ஆள் ஒரு வருஷம் சாப்பிடுவதற்கு என்று வைத்த கணக்கு. பிரபுவின் நிலத்துக்கு மதிப்பு போட்டதும் அதில்தான், கடைசிக் காவல்காரனின் கூலியை அளந்ததும் அதில்தான். 1638-இல் ஷிமபாரா கலகத்தை அடக்கிய பிறகு இருநூறு வருஷத்துக்கும் மேல் பெரிய போரே இல்லை. போர் இல்லாத நாட்டில் போர்வீரன் என்ன செய்வான்? கணக்கு எழுதினான், கிடங்கைக் காத்தான், வரிசையில் நின்றான். பிரபுவுக்கே கடன் முற்றியபோது, 'உங்கள் சம்பளத்தில் கொஞ்சம் இரவல் எடுத்துக்கொள்கிறோம்' என்று பிடித்துக்கொண்டார்கள். பல இடங்களில் அது திரும்பி வரவே இல்லை. அவனிடம் போய் ஆன்மாவைப் பற்றிப் பேசினால் முதலில் அரிசி எங்கே என்றுதான் கேட்பான்.

குரோசவாவின் 'செவன் சாமுராய்' கூட, 1954-இல் வந்தது, அரிசிக் கதைதான். கூலியாக விவசாயிகள் தருவது சோறு மட்டும். வீரர்களுக்கு அரிசிச் சோறு போட்டுவிட்டு அவர்கள் தினையைத் தின்கிறார்கள், அது தெரிந்ததும்தான் தலைவர் அந்தச் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் எடுத்து வேலையை ஏற்றுக்கொள்கிறார். இன்னொன்றும் கவனியுங்கள். ஏழு பேரில் நான்கு பேர் சாகிறார்கள், ஒருவர்கூட வாளால் சாகவில்லை. நால்வரையும் வீழ்த்துவது துப்பாக்கி. 1543-இல் போர்ச்சுக்கீசியர்கள் மூலம் தானேகஷிமா தீவில் இறங்கிய அதே சாமான்தான்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். எல்லோரும் முதலில் கையில் எடுப்பது 'ஹகாகுரே'. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு மேலாளர், சாமுராயின் வழி மரணத்தில் இருக்கிறது என்ற அதன் வரியைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அதைச் சொன்ன யமமோட்டோ ட்சுனேட்டோமோ ஒரு போரையும் பார்க்காதவர். சாகா பகுதியில் நபேஷிமா பிரபுவிடம் எழுத்து வேலை பார்த்தவர். 1700-இல் பிரபு இறந்தபோது கூடவே உயிரை விடுவதற்குத் தடை இருந்தது, அதனால் மொட்டை அடித்துக்கொண்டு துறவியானார். பிறகு ஓர் இளைஞரிடம் வருஷக் கணக்கில் பேசியதுதான் புத்தகம். பெரியவர்கள் முன்னால் கொட்டாவி வந்தால் எப்படி அடக்குவது என்றுகூட அதில் யோசனை இருக்கிறது, முகம் வெளிறிப் போனால் பூசிக்கொள்ள சட்டைக்கைக்குள் செந்தூள் வைத்துக்கொள்ளவும் சொல்கிறார். மேலாளருக்கு அந்தப் பக்கங்கள் அதிகம் உதவியிருக்கும்.

நிடோபே இனாசோவின் 'புஷிடோ', 1900-இல் வந்தது, ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, அதுவும் அமெரிக்காவில் உட்கார்ந்து. வெளியாருக்கு ஜப்பானை விளக்க எழுதிய புத்தகம். சாமுராய் என்ற வகுப்பே போய் ஒரு தலைமுறை ஆன பிறகு எழுதியது. படியுங்கள், தப்பில்லை, ஆனால் அதைச் சாமுராய்களின் சட்டப் புத்தகம் என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் தருவது வேறு புத்தகம். காட்சு கோகிச்சி என்ற கீழ்நிலை சாமுராய் 1843-இல் எழுதிய சுயசரிதை, ஆங்கிலத்தில் 'முசுயீஸ் ஸ்டோரி' என்று கிடைக்கிறது. சிறுவயதில் வீட்டை விட்டு ஓடிப் பிச்சை எடுத்திருக்கிறார். பெரியவனானதும் மறுபடி ஓடினார் என்று அப்பா வீட்டுக்குள்ளேயே கூண்டு கட்டி மூன்று வருஷம் அடைத்தார், மனிதர் ஒழுங்காக எழுதப் படிக்கக் கற்றதே அதற்குள்தான். கடைசிவரை உத்தியோகம் கிடைக்கவில்லை, அடிதடி, கடன், பழைய வாள் வாங்கி விற்பது என்று காலம் ஓடுகிறது. ஆன்மாவை வாங்கி விற்ற சாமுராய்! என்னைப் போல் ஆகிவிடாதீர்கள் என்று சந்ததிக்குச் சொல்லத்தான் எழுதினார், ஆனால் சொல்கிற தோரணையில் வருத்தத்தைவிடப் பெருமை கொஞ்சம் கூடவே தெரியும். இவருடைய மகன்தான் காட்சு கைஷு, 1868-இல் டோகுகவா ஆட்சியை எதிர்த்து வந்த படையின் தளபதி சைகோ தகமோரியிடம் பேசி எடோ கோட்டையை ரத்தமில்லாமல் ஒப்படைத்தவர்.

ஆக தம்பி, முதலில் செய்பேய் படத்தைப் பாருங்கள், அடுத்து 'ஹராகிரி', அப்புறம் கோகிச்சியின் புத்தகம். 'ஹகாகுரே'யை அதற்கு மேல் எடுங்கள், அப்போதுதான் அந்தக் கொட்டாவிப் பக்கம் கண்ணில் படும். புகழ்பெற்ற வாள்வீரர் மியாமோட்டோ முசாஷியைப் பற்றி இன்னொருவர் நீளமாகக் கேட்டிருக்கிறார், அதற்குத் தனியாக ஒரு வீடியோ போடுகிறேன்.