காவலாளிக்கு ஒரு காலை வணக்கம்

அன்பான நேயர்களே, எல்லாருக்கும் வணக்கம். மறுபடியும் பிறப்பதைப் பற்றியும், சமாதானம்பண்ணுகிற வாழ்க்கையைப் பற்றியும் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் ஒரே ஒரு மனிதரின் சாட்சியை எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயர் ஜேக்கப் டிஷேசர். அமெரிக்கப் போர் விமானத்தில் குண்டு வீசும் பொறுப்பில் இருந்தவர்.

இரண்டாம் உலகப்போரில், 1941 டிசம்பர் 7-ஆம் தேதி அமெரிக்கக் கடற்படைத் தளமான பெர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய செய்தி வந்தபோது டிஷேசர் ராணுவ முகாமின் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். வந்த கோபத்தில் கையிலிருந்த கிழங்கைச் சுவரில் வீசியடித்தார். ஜப்பான் இதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று கத்தினார். அதற்கான வாய்ப்பும் சீக்கிரமே வந்தது. 1942 ஏப்ரல் 18-ஆம் தேதி ஹார்னெட் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 16 விமானங்களும் 80 வீரர்களும் ஜப்பானைத் தாக்கப் புறப்பட்டார்கள். டிஷேசர் இருந்த விமானம் நாகோயா நகரத்தின்மேல் குண்டு போட்டது. அப்புறம் எரிபொருள் தீர்ந்துபோய், ஜப்பானியர் பிடியிலிருந்த சீனப் பகுதியில் பாராசூட்டில் குதித்து, மறுநாளே பிடிபட்டார்.

அந்தத் தாக்குதலில் பிடிபட்டவர்கள் 8 பேர். 3 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இன்னொருவர் பட்டினியாலும் நோயாலும் சிறையிலேயே இறந்துபோனார். டிஷேசர் சிறையில் கழித்தது 40 மாதங்கள். அதில் 34 மாதங்கள் தனிச்சிறை. அடி, பசி, வயிற்றுப்போக்கு, உடம்பெல்லாம் கொப்புளம். பக்கத்து அறையில் இருந்த நண்பன் செத்துப்போனது அவரை உலுக்கிவிட்டது. மனுஷன் ஏன் மனுஷனை இப்படி வெறுக்கிறான் என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. சின்ன வயதில் கேட்ட வேதவசனங்கள் ஞாபகத்துக்கு வர, ஒரு வேதாகமம் தரும்படி காவலாளிகளிடம் கெஞ்சினார்.

1944 மே மாதம் வேதாகமம் கைக்கு வந்தது. மூன்றே வாரந்தான், திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். அரைகுறை வெளிச்சத்தில் வாசித்தார், வாசித்தார், வாசித்துக்கொண்டே இருந்தார். பல பகுதிகளை மனப்பாடம் செய்தார். ஜூன் 8-ஆம் தேதி ரோமர் 10-ஆம் அதிகாரம் 9-ஆம் வசனத்துக்கு வந்தார். இயேசுவை வாயினாலே அறிக்கையிட்டு, இருதயத்திலே விசுவாசித்தால் இரட்சிக்கப்படுவாய் என்ற வசனம். அந்த அறையிலேயே அவர் அறிக்கையிட்டார். போதகர் இல்லை, சபை இல்லை, பாட்டு இல்லை. அன்றைக்கு அவர் மறுபடியும் பிறந்தார்.

இந்தச் சாட்சியைச் சொல்கிற பலர் இங்கிருந்து நேரே போர் முடிந்த கதைக்குத் தாவிவிடுவார்கள். நான் தாவப்போவதில்லை. இதற்குப் பிறகு அந்தச் சிறையில் நடந்ததுதான் என்னைப் பொறுத்தவரை இந்தச் சாட்சியின் உயிர்.

ஒருநாள் காவலாளி ஒருவன் டிஷேசரை அறைக்குள் தள்ளிக் கதவை அடித்துச் சாத்தினான். அவருடைய வெறுங்கால் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. அவன் கதவைத் திறக்கவில்லை. ஆணி வைத்த பூட்ஸ் காலால் அந்தப் பாதத்தை உதைத்தான். எப்படியோ காலை இழுத்துக்கொண்டு அவர் உள்ளே விழுந்தார். வலியில் துடித்தார், பழைய வெறுப்பு பொங்கிக்கொண்டு வந்தது. சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்ற வசனமும் அதே நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தது. வாசிக்கும்போது அழகாயிருந்த வசனந்தான். இப்போது அதைச் செய்யவேண்டிய ஆள் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான்!

மறுநாள் காலை அந்தக் காவலாளி வந்ததும், டிஷேசர் ஜப்பானிய மொழியில், "ஒஹாயோ கொசாய்மாஸ்" என்று மரியாதையாகக் காலை வணக்கம் சொன்னார். தனிச்சிறையில் இருந்து இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பதுபோல அவன் பார்த்தான். அடுத்த நாளும் வணக்கம். அதற்கடுத்த நாளும் வணக்கம். பல நாள் கழித்து அவன் கதவருகே வந்து பேச ஆரம்பித்தான். டிஷேசர் அவனுடைய குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். பிறகு ஒரு காலையில் கதவிலிருந்த சிறு திறப்பின் வழியாக ஒரு கை உள்ளே வந்தது. அதில் ஓர் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு இருந்தது.

நேயர்களே, எந்த நாள் இரட்சிக்கப்பட்டோம், எந்த ஆற்றில் ஞானஸ்நானம் எடுத்தோம் என்பதை நம்மில் பலர் தேதியோடு சொல்வோம். சொல்லவேண்டியதுதான். டிஷேசருக்கும் தேதி உண்டு. ஆனால் அவர் மறுபடியும் பிறந்ததை முதலில் கண்டுகொண்டவன், வேதமே தெரியாத அந்தக் காவலாளி. அவனுக்கு அவர் பிரசங்கம் பண்ணவில்லை. தன் காலை மிதித்தவனுக்கு வணக்கம் சொன்னார். அதனால் சிறைக்கதவு திறந்துவிடவும் இல்லை. 1945 ஆகஸ்ட் வரைக்கும் அவர் கைதிதான், பசியும் நோயும் போகவில்லை, சாவின் விளிம்புவரைக்கும் போனார். நிலைமை மாறினால் நானும் மாறுவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிற நாம் இதை யோசிக்கவேண்டும்.

விடுதலையானபின் அமெரிக்காவில் வேதம் படித்தார். 1948 டிசம்பர் கடைசியில் மனைவியோடு ஜப்பானுக்கே மிஷனரியாகத் திரும்பினார். அவருடைய சாட்சி "நான் ஜப்பானின் கைதியாயிருந்தேன்" என்ற தலைப்பில் அச்சடித்த கைப்பிரதியாக, அதாவது சிறு துண்டுப்பிரசுரமாக, அங்கே பரவியது. அந்தத் தலைப்பைக் கவனியுங்கள். பட்ட பாட்டை அவர் மூடி மறைக்கவில்லை. அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்பதை ஜப்பானியரிடமே சொன்னார், மன்னித்ததையும் சொன்னார். நம் குடும்பங்களிலும் சபைகளிலும் ஒரு சண்டை வந்தால், "சரி விடுங்க, பெரிசு பண்ணாதீங்க" என்று அநியாயம் பட்டவருடைய வாயை அடைத்துவிட்டு, சமாதானம் ஆகிவிட்டது என்று ஜெபித்து முடித்துவிடுகிறோம். எரேமியா தீர்க்கதரிசி காலத்திலேயே இப்படிச் சமாதானமில்லாதிருந்தும் சமாதானம், சமாதானம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். கர்த்தர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மலைப்பிரசங்கத்தில் இயேசு சொல்கிறார், நீ காணிக்கை செலுத்த வரும்போது உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடே ஒப்புரவாகு என்று. உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அவர் ஆரம்பிக்கவில்லை. டிஷேசருக்கு ஜப்பான்மேல் குறை இருந்தது உண்மை. நாகோயா மக்களுக்கும் அவர்மேல் குறை இருந்தது. அவர் பங்குகொண்ட தாக்குதலில் ஜப்பானில் ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள், பொதுமக்களும் அதில் உண்டு. 1959-இல் அவர் அதே நாகோயாவுக்குக் குடிபோய் ஒரு சபையைத் தொடங்கினார். ஜப்பானில் அவர் செய்த ஊழியம் மொத்தம் 30 ஆண்டுகள்.

பெர்ல் ஹார்பர் தாக்குதலில் விமானங்களை வழிநடத்திய மிட்சுவோ ஃபுச்சிடா, டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் அந்தக் கைப்பிரதியை வாங்கி வாசித்ததும், வேதாகமம் வாங்கிக் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டதும், 1950-இல் இருவரும் சந்தித்ததும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் நாட்டை மற்றவர் தாக்கிய இரண்டு பேர், ஒரே மேடையில் நின்று சுவிசேஷம் சொன்னார்கள்.

கடைசியாக, இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற சிலருக்காக ஒரு வார்த்தை. வீட்டில் தினமும் அடியும் மிதியும் வாங்குகிற சகோதரிகள் இருக்கிறீர்கள். அந்தக் காவலாளியிடம் டிஷேசர் இருந்ததுபோல் நானும் பொறுத்துக்கொண்டு கிடக்கவேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம் அம்மா. டிஷேசருக்கு வெளியே போக வழி இல்லை, உங்களுக்கு இருக்கிறது. கூடுமானால், உங்களாலானமட்டும் சமாதானமாயிருங்கள் என்றுதான் பவுல் எழுதினார். கூடாத இடமும் உண்டு என்று அவருக்குத் தெரியும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் போலீசிடமும் சொல்லுங்கள். அப்படிப் போனதற்காக உங்களை எந்தப் போதகராவது கடிந்துகொண்டால், அதைக் கர்த்தருடைய வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மன்னிக்கிற பெலனைப் பத்திரமான இடத்தில் இருந்துகொண்டே அவரிடம் கேட்கலாம், அதற்கு எத்தனை வருஷம் ஆனாலும் சரி.

நேரம் கொடுத்துக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. வணக்கம்.