ரம்பத்தைக் கொடுத்தவர் யார்? அமெரிக்கக் காங்கிரஸ் முடக்கம் பற்றிய பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் நேராக வழக்குக்கு வருகிறேன்.

‘அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அடிக்கடி முடங்கிப் போவதற்குப் பெரிதும் காரணம் கட்சிப் பிடிவாதமா, தலைமையின் பலவீனமா?’ என்பது தலைப்பு. தலைமையின் பலவீனமே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார், “நாற்காலி ஆடினால் அதன் காலைப் பார்க்க வேண்டும், இந்த அணியினரோ உட்கார்ந்திருப்பவரைத் திட்டுகிறார்கள்” என்று சொல்லிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். நானும் தட்டினேன், நல்ல நகைச்சுவைக்கு அணி ஏது? ஆனால் அந்தக் காலை அறுத்தவர் யார் என்பதை மட்டும் அவர் சொல்லாமலேயே அமர்ந்துவிட்டார். அதை நான் சொல்கிறேன்.

2023 ஜனவரி 3. காங்கிரசின் கீழவையான பிரதிநிதிகள் அவையில் குடியரசுக் கட்சிக்கு 222 பேர், ஜனநாயகக் கட்சிக்கு 212 பேர். அவைத்தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குடியரசுக் கட்சியின் வேட்பாளர் கெவின் மெக்கார்த்தி. எண்ணத் தெரிந்த எவரும் முடிவை முன்பே சொல்லிவிடலாம் அல்லவா? எண்ணிப் பார்த்தார்கள். மெக்கார்த்திக்கு 203, எதிர்க்கட்சியின் ஹக்கீம் ஜெஃப்ரீசுக்கு 212. பெரும்பான்மைக் கட்சியின் தலைவர் இரண்டாம் இடத்துக்கு வந்தார்! முதல் சுற்றிலேயே அவைத்தலைவரைத் தேர்ந்தெடுக்க முடியாமல் போனது 1923க்குப் பிறகு அதுவே முதல் முறை. சரி, மறுபடியும் எண்ணுவோம் என்றார்கள், அதே தோல்வி. மறுபடியும், அதே தோல்வி. அவைத்தலைவர் இல்லாத அவையில் யாருமே பதவிப் பிரமாணம் எடுக்க முடியாது என்பதால், ஊரெல்லாம் கைகூப்பி வாக்குக் கேட்டு வென்று வந்தவர்கள் குடும்பத்தோடு வந்து காத்துக் கிடந்தார்கள்.

நான்காம் நாள் நள்ளிரவு நெருங்கும்போது 14ஆவது சுற்று. எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது என்ற நம்பிக்கையில் மெக்கார்த்தி அமர்ந்திருக்கிறார். கடைசியில் அவர் சொந்தக் கட்சியின் மேட் கேட்ஸ், ஆதரவும் இல்லை எதிர்ப்பும் இல்லை, ‘வந்திருக்கிறேன்’ என்று மட்டும் பதிவு செய்கிறார். ஒரே ஒரு வாக்குக் குறைகிறது! மெக்கார்த்தி எழுந்து, நடைபாதையைக் கடந்து, கேட்ஸின் இருக்கைக்கே போய் நின்று பேசுகிறார். பேசிவிட்டு, முகம் தொங்கத் திரும்புகிறார். இதைக் கண்டு கொதித்த மைக் ராஜர்ஸ் என்ற சக உறுப்பினர் கேட்ஸை நோக்கிப் பாய, இன்னொருவர் பின்னாலிருந்து அவர் முகத்தில் கைபோட்டு இழுத்துத் தடுக்கிறார். இருவரும் ஒரே கட்சி, இழுத்தவரும் அதே கட்சி! வழக்கமாக அந்த அவையின் காமிராக்கள் பேச்சாளர் மேடையை விட்டு அதிகம் நகர்வதில்லை. அன்று தலைவரும் இல்லை, விதிகளும் இல்லை என்பதால், தொலைக்காட்சிக் காமிரா விரும்பிய பக்கமெல்லாம் திரும்பி, நாடு முழுவதற்கும் அந்தக் காட்சியைக் கொண்டு சேர்த்தது. 15ஆவது சுற்றில், ஜனவரி 7 அதிகாலையில், 216 வாக்குகளுடன் மெக்கார்த்தி ஒருவழியாக நாற்காலியில் அமர்ந்தார்.

இப்போது அம்மையாரின் கேள்விக்கு வருவோம். அந்த நாற்காலிக்கு அவர் கொடுத்த விலை என்ன? அவைத்தலைவரை நீக்கும் தீர்மானத்தை அவையில் வலியுறுத்த வேண்டுமானால் ஒரு கட்சியே முன்வர வேண்டும் என்ற விதி முந்தைய அவையில் இருந்தது. ஐந்து உறுப்பினர்கள் சேர்ந்தால் போதும் என்று முதலில் இறங்கினார் மெக்கார்த்தி. பிறகு ஒரே ஒருவர் போதும் என்று இன்னும் இறங்கினார். அம்மையாரே, உட்காருவதற்காகவே காலை அறுக்க ரம்பத்தை எடுத்துக் கொடுத்தவரை நான் திட்டாமல் வேறு யாரைத் திட்டுவது? ஒன்பது மாதம் கழித்து அதே கேட்ஸ் அந்த விதியையே கையில் எடுத்தார். அக்டோபர் 3 அன்று 216க்கு 210 என்ற கணக்கில் மெக்கார்த்தி நீக்கப்பட்டார். தீர்மானத்தின் மூலம் ஓர் அவைத்தலைவர் நீக்கப்படுவது அந்த நாட்டின் வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை.

ஜனநாயகக் கட்சியினரில் வாக்களித்த 208 பேரும் அவரை நீக்கத்தானே வாக்களித்தார்கள், அது பிடிவாதம் இல்லையா என்று எதிரணி கேட்கும். அதற்கு மூன்று நாள் முன்பு, செலவுக்குப் பணம் ஒதுக்கப்படாமல் அரசு முடங்கிவிடாதபடி காப்பதற்காக மெக்கார்த்தி கொண்டுவந்த மசோதாவை 335 பேர் ஆதரித்தார்களே, அதில் 209 பேர் அதே ஜனநாயகக் கட்சியினர்! அவர் கட்சியினரோ 126 பேர்தான். கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டிய மனிதர், மறுநாளே தொலைக்காட்சிப் பேட்டியில் அவர்கள் மீதே பழியைப் போட்டார். இதற்குப் பெயரா தலைமை? அவர் போன பிறகு 22 நாள் அவைத்தலைவரே இல்லை. மூன்று வேட்பாளர்கள் வந்து வந்து விழுந்தார்கள். நான்காமவரான மைக் ஜான்சன்தான் தேறினார்.

பிடிவாதம் எந்தக் காலத்தில் இல்லை? 1964இல் கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் குடிமை உரிமைச் சட்ட மசோதா, மேலவையான செனட்டில் வாக்கெடுப்புக்கே விடாமல் பேசிப் பேசியே 60 வேலைநாள் நிறுத்தி வைக்கப்பட்டது. ராபர்ட் பேர்ட் என்ற உறுப்பினர் 14 மணி 13 நிமிடம் தொடர்ந்து பேசினார். அவரும் அவரோடு தடுத்தவர்களில் பெரும்பாலோரும் அதிபர் லிண்டன் ஜான்சனின் சொந்தக் கட்சியினர். ஜான்சன் என்ன செய்தார்? மசோதாவை அவையில் நடத்திச் சென்ற ஹ்யூபர்ட் ஹம்ப்ரியை அழைத்து, எதிர்க்கட்சித் தலைவர் எவரெட் டர்க்சனைத் தேடிப்போய்ப் பேசச் சொன்னார். பெருமையில் அவருக்கும் பங்கு கொடுக்கச் சொன்னார். ஜூன் 10 அன்று விவாதத்தை முடிக்க 67 வாக்கு தேவைப்பட்டது, 71 கிடைத்தது. அதில் 27 எதிர்க்கட்சியினர் கொடுத்தவை.

அந்த 71இல் ஒரு வாக்கைப் பற்றி மட்டும் சொல்ல அனுமதியுங்கள். கலிஃபோர்னியாவின் கிளேர் எங்கிள் மூளையில் கட்டி வந்து, அறுவை சிகிச்சைக்குப் பின் பேச்சிழந்தவர். அவரைச் சக்கர நாற்காலியில் அவைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெயர் அழைக்கப்பட்டது. வாய் திறக்க முயன்றார், வார்த்தை வரவில்லை. மெல்லக் கையை உயர்த்தித் தன் கண்ணைச் சுட்டிக் காட்டினார். ஆங்கிலத்தில் ‘ஆம்’ என்று வாக்களிக்கும் சொல்லும் கண்ணும் ஒரே ஒலி என்பதால் அவர் வாக்கு பதிவாயிற்று. அடுத்த மாதம் அவர் இறந்துபோனார்.

பேச முடியாதவர் அப்படி வந்து வாக்களித்த அதே காங்கிரசில்தான், நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் கூடியிருந்தும் 2018 டிசம்பரில் தொடங்கி அரசு 35 நாள் முடங்கியது. சுமார் எட்டு லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. கடலில் தத்தளிப்பவர்களை மீட்கும் கடலோரக் காவல்படையினர் சம்பளமின்றி வேலைக்குப் போக, அவர்கள் குடும்பங்கள் இலவச உணவு வாங்க வரிசையில் நின்றன. அந்த 35 நாளும் காங்கிரஸ் உறுப்பினர்களுக்குச் சம்பளம் குறையாமல் வந்தது, நடுவர் அவர்களே! 2025இல் அதே கொடுமை 43 நாள் நீடித்தது.

அந்த வரிசையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்ற தாய்க்கு எந்தக் கட்சி பிடிவாதம் பிடித்தது என்பது பற்றி என்ன அக்கறை? தன் கட்சிக்காரர்களை எதிர்த்து நின்று, எதிர்க்கட்சியின் கதவைத் தட்டி, இதை முடித்துவைக்க ஒருவர்கூட இல்லையா என்பதுதானே அவள் கேள்வி? அவளை மனத்தில் வைத்து எங்கள் அணிக்குத் தீர்ப்பளிக்குமாறு கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.