கண்ணால் கண்ட சாட்சி

[மாடிப்படி, சுவரில் கைப்பிடிக் கம்பிகளின் நிழல்]

இந்தப் படத்தில் பொய் சொன்ன சாட்சி ஒருவர்கூட இல்லை. பயமே அதுதான்.

1940-ல் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ எடுத்த 'ஸ்ட்ரேஞ்சர் ஆன் தி தேர்டு ஃப்ளோர்'. மொத்தமே 64 நிமிடம். பெரிய படத்துக்குத் துணையாக ஓட்டுவார்களே, அந்த மாதிரி 'பி' படம். போரிஸ் இங்ஸ்டர் இயக்கியது.

மைக் வார்டு பத்திரிகை நிருபர். காபிக் கடைக்காரர் நிக் கழுத்தறுபட்டுக் கிடக்க, பக்கத்தில் பிரிக்ஸ் என்ற டாக்ஸி டிரைவர் நின்றதை அவன் பார்த்திருக்கிறான். அதைத்தான் கோர்ட்டில் சொல்கிறான். கத்தியை வீசியதைப் பார்த்தானா? இல்லை. அந்த வித்தியாசம் அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. ஜூரியில் ஒருவர் தூங்கி வழிகிறார். பிரிக்ஸ் குற்றவாளி என்று தீர்ப்பாகிறது. தான் செய்யவில்லை என்று அவர் கதறுவதை மைக்கின் காதலி ஜேனால் மறக்க முடியவில்லை. மைக்குக்கோ அந்தச் செய்தியால் சம்பளம் ஏறி, கல்யாணப் பேச்சு வரை வந்தாயிற்று.

சரி, இப்போது படத்தின் உயிரான இடம்.

[இருட்டு அறை]

பக்கத்து அறை மெங் தினமும் போடும் குறட்டை அன்று இரவு கேட்கவில்லை. அவரைத் தீர்த்துக்கட்ட வேண்டும் என்று மைக் எப்போதோ எரிச்சலில் சொன்னது உண்டு. அவர் செத்திருந்தால் யாரைப் பிடிப்பார்கள்? அந்த யோசனையிலேயே தூங்கிப்போகிறான். கனவில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது அவன்.

நிக்கோலஸ் முசுராக்காவின் கேமராவுக்காகவே இந்தக் கனவை இரண்டு முறை பார்க்கலாம். செட்டில் பெரிதாகச் சாமான் எதுவும் இல்லை. சிறை என்றால் சுவர் முழுக்கச் சாய்ந்து விழும் ராட்சத நிழல் கோடுகள், அவ்வளவுதான். காசில்லாத குறையை இருட்டு மூடிவிடுகிறது. இதைத்தான் முதல் 'ஃபிலிம் நுவார்' (இருட்டும் நிழலுமாக எடுத்த குற்றப் பட வகை) என்று பலரும் சொல்கிறார்கள்.

விழித்துப் பார்த்தால் மெங் நிஜமாகவே பிணம். இரண்டு கொலையும் ஒரே மாதிரி என்று போலீஸிடம் சொல்லப் போன மைக்கையே உள்ளே வைக்கிறார்கள்.

[கழுத்தில் வெள்ளைத் துண்டு சுற்றிய ஆள்]

அப்புறம், அந்தத் துண்டு சுற்றிய மர்ம ஆளாக நடிகர் பீட்டர் லோரி. வருவது சில நிமிடம்தான். தெருநாய்க்குப் போட இறைச்சி வாங்குகிற அந்த மெல்லிய குரல் போதும், முதுகு சில்லிட.

முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. (பார்க்காதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.) லாரி மோதி, சாகிற நேரத்தில் அந்த மர்ம ஆள் கொலைகளை ஒப்புக்கொள்கிறான். கோர்ட் செய்யாததை லாரி செய்கிறது!

கடைசியில் மைக்கையும் ஜேனையும் இலவசமாகத் தன் டாக்ஸியில் ஏற்றிக்கொள்வது யார் தெரியுமா? பிரிக்ஸ். மைக்கும் சிரித்துக்கொண்டே ஏறி உட்காருகிறான்.