வட்டாரங்கள் தெரிவித்தன

நேயர்களுக்கு வணக்கம்.

டெல்லியில் கரோல் பாக்கிலும் மயூர் விஹாரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் குடியிருக்கும் நமக்கு ஒரு வேடிக்கையான நிலைமை. நாடாளுமன்றமும் உச்ச நீதிமன்றமும் பஸ் ஏறிப் போகிற தூரம்தான். ஆனால் அங்கே நடந்ததைத் தமிழில் படிக்க வேண்டுமானால், செய்தி சென்னைக்குப் போய் நம்மிடம் திரும்பி வரவேண்டும். போய்த் திரும்பும் வழியில் சில சொற்கள் பொருள் மாறிவிடுகின்றன. அந்தச் சொற்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

செய்தியின் தொடக்கத்தில் ‘புதுடெல்லி’ என்று தடித்த எழுத்தில் இருக்கும். தினமணி படிப்பவர்களுக்கு அது ‘புது தில்லி’. இதற்கு டேட்லைன் என்று பெயர். செய்தி எந்த ஊரிலிருந்து எழுதி அனுப்பப்பட்டது என்பதற்கான அடையாளம் இது. மணிப்பூர்க் கலவரச் செய்திக்குப் புதுடெல்லி டேட்லைன் இருந்தால், நிருபர் இம்பாலில் நின்று பார்த்து எழுதியது அல்ல அது. பெரும்பாலும் உள்துறை அமைச்சகம் சொன்னதைக் கேட்டு எழுதியது. டேட்லைனுக்குப் பக்கத்திலேயே பைலைன், அதாவது எழுதியவர் பெயர். பெயருக்குப் பதில் ‘நமது சிறப்பு நிருபர்’ என்றோ, ‘பி.டி.ஐ.’ என்று செய்தி ஏஜென்சியின் பெயரோ இருக்கலாம்.

ரஃபி மார்க்கில் உள்ள ஐ.என்.எஸ். (இந்தியன் நியூஸ்பேப்பர் சொசைட்டி) கட்டடத்தில் பல மாநிலப் பத்திரிகைகளுக்கு அலுவலகம் உண்டு. இரு அவைகள், உச்ச நீதிமன்றம், அத்தனை அமைச்சகங்கள், கட்சி அலுவலகங்கள் என்று எல்லா இடத்துக்கும் ஒன்றிரண்டு பேர் ஓட முடியாது. மீதியை ஏஜென்சி தரும் ஆங்கிலச் செய்தியிலிருந்து டெஸ்க்கில் உட்காரும் உதவி ஆசிரியர் தமிழாக்குகிறார். அச்சுக்குப் போக அரை மணி நேரம் இருக்கும். கையில் ஐந்து செய்தி இருக்கும். சறுக்கல் அங்கேதான்.

‘தள்ளுபடி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மனு தள்ளுபடி, கடன் தள்ளுபடி, துணிக்கடையில் ஆடித் தள்ளுபடி. இதில் கடன் தள்ளுபடிதான் வில்லங்கம். வங்கித் துறையில் ‘வெய்வர்’ என்றால் கடனாளி இனிக் கட்ட வேண்டாம். ‘ரைட் ஆஃப்’ என்றால் வராக் கடனை வங்கி தன் கணக்குப் புத்தகத்திலிருந்து நகர்த்தி வைக்கிறது. கடனாளியின் பொறுப்பு அப்படியே இருக்கும், வசூல் நடவடிக்கையும் தொடரலாம். இரண்டையும் தமிழில் தள்ளுபடி என்றே எழுதுகிறோம். நாடாளுமன்றத்தில் நிதியமைச்சகம் ரைட் ஆஃப் தொகையைப் பதிலாகத் தரும் ஒவ்வொரு முறையும், விவசாயிக்கு இல்லாத தள்ளுபடி முதலாளிக்கா என்று சண்டை கிளம்புகிறது. அந்தக் கேள்வி நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் கணக்கு வேறு. ‘கணக்கிலிருந்து நீக்கம்’ என்று எழுதினால் தலைப்பு ஒரு வரி நீளும், அவ்வளவுதான்.

இதற்கு இளைத்ததில்லை ‘ஒத்திவைப்பு’. வழக்கின் விசாரணையை அடுத்த வாரத்துக்குத் தள்ளினாலும் ஒத்திவைப்பு. வாதங்கள் எல்லாம் முடிந்து, நீதிபதிகள் தீர்ப்பை எழுதப் போனாலும் ஒத்திவைப்பு. முன்னது வழக்கு இழுபடுகிறது என்பது. பின்னது வழக்கு முடியப்போகிறது என்பது. நாடாளுமன்றம் ‘தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு’ என்றால் பொதுவாக அந்தக் கூட்டத்தொடரின் அமர்வுகளே முடிந்தன. செய்தியில் ‘தீர்ப்பு’ என்ற சொல் பக்கத்தில் இருக்கிறதா, ‘விசாரணை’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

நீதிமன்றச் செய்திகளில் இன்னும் கவனிக்க வேண்டியது, நீதிபதி வாய்மொழியாகச் சொன்னதா, உத்தரவில் எழுதியதா என்பது. விசாரணையின்போது நீதிபதிகள் வக்கீலை மடக்கிக் கேள்வி கேட்பார்கள், காரமாக ஏதாவது சொல்வார்கள். ‘நீதிமன்றம் சரமாரி கேள்வி’, ‘கடும் கண்டனம்’ என்ற தலைப்புகள் பெரும்பாலும் அங்கே பிறப்பவை. 2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலைக்கு நடுவே தேர்தல் பிரசாரக் கூட்டங்களை அனுமதித்ததற்காகத் தேர்தல் ஆணையத்தின் மீது கொலைக் குற்றச்சாட்டே சுமத்தலாம் என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றம் வாய்மொழியாகச் சொன்னது நினைவிருக்கும். ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 2021 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இரண்டு. அப்படிப்பட்ட பேச்சு நீதிமன்றப் பதிவேட்டில் சேராது, ஆகவே அதை நீக்கச் சொல்லும் கேள்வியே எழவில்லை. அதே சமயம், விசாரணையில் பேசப்படுவதை வெளியிட ஊடகங்களுக்குத் தடை போடவும் முடியாது. ஆக, கண்டனம் என்று படித்தால் உத்தரவில் என்ன வந்தது என்று செய்தியின் கடைசிப் பத்தி வரை போய்ப் பாருங்கள். பல சமயம் ‘பதிலளிக்க நான்கு வாரம் அவகாசம்’ என்று மட்டும் இருக்கும்.

மசோதாச் செய்திகளும் இப்படித்தான். அமைச்சரவை ஒப்புதல், தாக்கல், ஓர் அவையில் நிறைவேற்றம், மற்ற அவையில் நிறைவேற்றம், குடியரசுத் தலைவர் ஒப்புதல், அமலாக்கம் என்று ஆறு படி. மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா 2023 செப்டம்பர் 19-ல் தாக்கலாகி, 20-ல் மக்களவையிலும் 21-ல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 28-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். ‘சட்டம் ஆனது’ என்ற தலைப்பு சரி. ஆனால் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதன்பின் தொகுதி மறுவரையறை, அதற்குப் பிறகுதான் ஒதுக்கீடு என்று நிறைவேறிய சட்டத்தின் வாசகத்திலேயே இருந்தது. அந்த வரி தலைப்பில் ஏறாது.

இனி வட்டாரங்கள். நிருபரிடம் ஒருவர் பேசுவது ‘ஆன் ரெக்கார்டு’ என்றால் அவர் பெயரும் பதவியும் போடலாம். ‘பேக்ரவுண்டு’ என்றால் தகவலைப் போடலாம், பெயர் கூடாது. ‘ஆஃப் த ரெக்கார்டு’ என்றால் பொதுவாக எழுதவே கூடாது. வேறு இடத்தில் விசாரித்து உறுதி செய்யலாம். வாயைத் திறப்பதற்கு முன்பே இதைப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். எல்லாம் கொட்டிவிட்டுக் கதவருகே வந்து ‘இது ஆஃப் த ரெக்கார்டு’ என்றால் நிருபர் கட்டுப்பட வேண்டியதில்லை. பேக்ரவுண்டில் பேசியவர் ஒரே ஓர் அதிகாரியாக இருப்பார். மறுநாள் காலை ‘வட்டாரங்கள்’ என்று பன்மையில் பெருகியிருப்பார். ‘அமைச்சகத்தின் மூத்த அதிகாரி ஒருவர்’ என்று இருந்தால் ஓரளவு நம்பலாம். ‘தகவலறிந்த வட்டாரங்கள்’ அதற்குக் கீழே. ‘கூறப்படுகிறது’ என்பதற்கு எழுவாயே கிடையாது. யார் கூறினார் என்று கேட்டால் டெஸ்க்கிலும் பதில் இருக்காது.

தவறாக வந்துவிட்டால்? பத்திரிகை தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்வது திருத்தம். பாதிக்கப்பட்டவர் தன் தரப்பைச் சொல்வது மறுப்பு. இரண்டும் வேறு, மறுப்பை வெளியிட்டதால் பத்திரிகை தவறை ஏற்றதாகாது. முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும், லோதி சாலையில் இருக்கும் பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். நாளிதழ், வார இதழ் என்றால் வெளியான 2 மாதத்துக்குள், மற்ற இதழ்களுக்கு 4 மாதத்துக்குள். செய்தி வந்த பக்கத்தின் நகலையும் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் மறக்காமல் இணையுங்கள். கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட முடியாது. தொலைக்காட்சிச் செய்திக்கு இந்தக் கதவைத் தட்டிப் பயனில்லை. அது கவுன்சிலின் வரம்பில் வராது.

வணக்கம்.